நீர்வழி வரலாறு – 23: உல்லம் ஏறாத ஏணி

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டியவரே, அந்த அணையால் மீனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியையும் எழுப்பினார். 1836-ல் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் எழுப்பத் தொடங்கிய ஆர்தர் காட்டனைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். தஞ்சைப் பாசனத்தைத் தூக்கி நிறுத்தியவர், பின்னர் தவளேசுவரத்தில் கோதாவரியை மறித்தவர் என்றே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. பணி ஓய்வு பெற்ற பிறகு, 1860களின் பிற்பகுதியில், அவர் அரசின் காதில் வேறொரு விஷயத்தைப் போட்டார். முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் மீன்களை, கரைக்குக் கரை நீளும் இந்த அணைகள் தடுக்கின்றன. இதனால் கடலோர மீன்வளமே குன்றிப்போகக்கூடும் என்றார். தான் கட்டியதைத் தானே திரும்பிப் பார்த்துக் குறை காணும் பொறியாளர்கள் எந்தக் காலத்திலும் குறைவு. காட்டனின் பெருமைகளைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொள்ளிடத்தில் அப்படி ஏறிவந்த மீன்களில் முதன்மையானது உல்லம். கோதாவரிக்காரர்கள் புலசை என்றும், வங்காளிகள் இலிஷ் என்றும், சிந்து நதிக்கரையில் பல்லா என்றும் கொண்டாடும் அதே மீன்தான். மத்தி, சாளைக்கு உறவு. ஆனால் அவற்றைவிட மிகப் பெரியது. உடம்பெல்லாம் வெள்ளி. வயிற்றின் விளிம்பைத் தடவினால் அரம்போல் கரகரக்கும். சதையில் நெய் அதிகம், முள்ளும் அதிகம். கடலிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, பருவமழை வெள்ளம் ஆற்றில் செம்மண் கலந்து இறங்கும்போது, அந்தப் புதுநீரை எதிர்த்து ஏறும். நன்கு வளர்ந்த ஒரு தாய்மீன் பல லட்சம் முட்டைகள் இடும். நல்ல தண்ணீரில் முட்டை ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றிலேயே மேய்ந்து, விரல் நீளம் வளர்ந்ததும் மெல்ல மெல்லக் கடலுக்கு இறங்கும்.

மேலைநாட்டு ஆறுகளில் சால்மன் செய்வதும் இதே பயணம்தான். பசிபிக் கடல் சால்மன்கள் தாம் பிறந்த ஓடைக்கே திரும்பி, முட்டையிட்டு, அங்கேயே உயிர்விடும். உல்லம் அப்படிச் சாவதில்லை. முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும். இன்னொரு வேறுபாடுதான் இந்த அத்தியாயத்தின் கதையையே நடத்துகிறது. சால்மன் எகிறும், அருவியைக்கூடத் தாவிக் கடக்கும். உல்லத்துக்கு எகிறத் தெரியாது.

காட்டன் எழுப்பிய கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவரிடம் வந்தது. சென்னை ராணுவத்தில் அறுவை மருத்துவர். மலபார் மீன்களைப் பற்றி 1865-லேயே நூல் எழுதியவர். மீன்மேல் அவருக்கு இருந்தது தீராத பைத்தியம். சென்னை மாகாணத்தில் தொடங்கி ஒரிசா, பர்மா வரை ஆறு ஆறாகச் சுற்றினார். இந்தியா முழுமைக்குமான மீன்வளத் தலைமை ஆய்வாளர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. இந்திய, பர்மிய நன்னீர் மீன்கள் பற்றிய அவருடைய அறிக்கை 1873-ல் வெளிவந்தது. அதற்குப் பின் வந்த ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூலை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுக்காமல் இருக்க முடியாது.

டே கண்டது இதுதான்: ஏறிவரும் மீன் அணையின் அடியில் வந்து முட்டி நிற்கிறது. போக வழியில்லாமல் அங்கேயே கூட்டமாகத் திரள்கிறது. திரண்ட மீனை வலைபோட்டு அள்ளிவிடுகிறார்கள். அணையடியில் கிடைக்கும் அந்தப் பெருவேட்டையைப் பார்ப்பவர்களுக்கு மீன் பெருகிவிட்டதாகவே தோன்றும். முட்டையிடாமலே ஒரு தலைமுறை கூடைக்குப் போகிறது என்பது பல வருடம் கழித்துத்தான் உறைக்கும். அணைகளில் மீன் ஏற வழி விட வேண்டும், அணையடியில் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும், குஞ்சுகளைக்கூட விடாமல் வாரும் சிறுகண்ணி வலைக்கு வரம்பு வேண்டும் என்று டே வாதிட்டார்.

அரசு உடனே அசைந்துவிடவில்லை. இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல்தான் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. வலைக்கண்ணிக்கும் நிலையான பொறிகளுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது. ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டுபவர் மீனுக்கு வழி விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

அடுத்து வருபவர் ஃபிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுச் சங்க வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. விவசாயக் கடன் வங்கிகள் பற்றி 1890களில் அவர் எழுதிய அறிக்கைதான் 1904-ன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அடித்தளம். அறுபது வயதை நெருங்கியவரிடம் 1905-ல் சென்னை அரசு மீன்வளத்தை ஒப்படைத்தது. 1907-ல் மீன்வளத் துறை உருப்பெற்றது. மீனவனின் கடன், கருவாட்டு உப்பு, மீன் எண்ணெய் என்று அவர் தொடாத துறையில்லை. ஆற்று மீனுக்காக அவரோடு வேலை செய்தவர் எச்.சி. வில்சன்.

நீலகிரியில் அவலாஞ்சியில் இன்றும் இருக்கும் டிரவுட் மீன் பொரிப்பகம் அந்தக் காலத்தது. வில்சனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. அங்கு வளர்ந்த வானவில் டிரவுட் பசிபிக் சால்மனின் நேர் பங்காளி, ஒரே பேரினம். ஆக, சால்மன் குடும்பத்து மீன் ஒன்று தமிழ்நாட்டு மலை ஓடையில் நூறாண்டுக்கு மேலாகக் குடியிருக்கிறது. அந்த மீனின் பழக்கவழக்கங்களை நன்கு அறிந்த வில்சன், மலையிலிருந்து இறங்கிக் கொள்ளிடத்தின் கீழணைக்கு வந்தார்.

கீழணையில் மீன் ஏணி கட்டினார்கள். ஏணி என்றால், அணையின் ஒரு பக்கத்தில் படிப்படியாக இறங்கும் சிறு சிறு தொட்டிகள். மேல் தொட்டியில் நிறைந்த தண்ணீர் அடுத்த தொட்டிக்கு வழிந்து, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு வழிந்து, கடைசியில் ஆற்றில் விழும். கீழே நிற்கும் மீன் விழும் தண்ணீரின் இரைச்சலைத் தேடி வந்து, முதல் தொட்டிக்குள் எகிறி, கொஞ்சம் இளைப்பாறி, அடுத்த தொட்டிக்கு எகிற வேண்டும். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் சால்மனுக்காகத் தேர்ந்த ஏற்பாடு இது. சால்மனுக்குப் பொருத்தமானதுதான். ஆனால், உல்லம் கூட்டமாகப் போகும் மீன். ஆற்றின் முதன்மை ஓட்டத்தை விட்டு விலகி, ஓரத்துக் குறுகிய தொட்டிக்குள் தனித்தனியாக நுழைவது அதன் இயல்பில்லை. அப்படியே நுழைந்தாலும் எகிற வேண்டிய இடத்தில் அது நின்றுவிடும்.

உல்லம் அந்த ஏணியில் ஏறவில்லை.

ஏணி உதவாததால் குஞ்சுப் பொரிப்பகத்தின் பக்கம் கவனம் திரும்பியது. 1909-ல் வில்சன் கொள்ளிடத்து உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்து காட்டினார். பெண் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைத் தட்டில் இறக்கி, ஆண் மீனின் விந்தை அதன்மேல் விட்டுக் கலந்து, ஓடும் நீரில் வைத்துப் பொரிக்கும் முறை. கேட்க எளிது. முட்டை பழுத்த பெண்ணும் விந்து பழுத்த ஆணும் ஒரே வேளையில் உயிரோடு வலையில் கிடைக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். வலையில் பட்டதுமே செதில் உதிர்ந்து, தண்ணீரை விட்டு எடுத்த சற்று நேரத்தில் உயிரை விடும் மீன் உல்லம். எத்தனையோ இரவுகள் ஆற்றங்கரையில் படகில் காத்துக்கிடந்தால்தான் ஓரிரு ஜோடி தேறும்.

இந்த வேலையைத் தொடர்ந்து, எழுத்திலும் பதிவு செய்தவர் பி. சுந்தரராஜ். கொள்ளிடத்து உல்லத்தின் பழக்கங்களையும் அதன் செயற்கை இனப்பெருக்கத்தையும் பற்றி 1917-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் அவர் எழுதினார். பிற்காலத்தில் சென்னை மீன்வளத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். தமிழகத்தில் ஆற்று மீனைப் பற்றிப் பேசும்போது டேயின் பெயரும் நிக்கல்சனின் பெயரும் வருகிற அளவுக்கு இவர் பெயர் வருவதில்லை. வர வேண்டும். ஏனென்றால், ஏணி தோற்றபின்னும் உல்லம் எப்படிப் பிழைத்திருந்தது, பிறகு எதனால் அழிந்தது என்ற முடிச்சை அவிழ்த்தவர்களில் அவர் முக்கியமானவர்.

கீழணை ஓர் உயரமான அணையல்ல. ஆற்று மட்டத்தைச் சற்றே உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்களில் தண்ணீரைத் திருப்புவதற்கான அணைக்கட்டு. கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வரும்போது அணைக்குக் கீழேயும் தண்ணீர் எழும். மேலேயும் கீழேயும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாகி, அணை தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அந்தச் சில நாட்கள்தான் உல்லத்துக்கு வழி. எகிறத் தேவையில்லை, ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் போதும், அணையைத் தாண்டிவிடலாம். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு மேல் அணை இருந்தும் மீன் இருந்ததற்குக் காரணம் இதுதான். ஏணியால் ஆகாத வேலையை வெள்ளம் செய்துகொண்டிருந்தது.

1924 ஜூலையில் காவிரியில் வந்த வெள்ளத்தைப் பெரியவர்கள் ஒரு யுகப் பேரழிவாகவே சொல்வார்கள். மறு ஆண்டு, 1925-ல், மேட்டூரில் அணை வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாவுக்கு அது கொடுத்த பாதுகாப்பையும் குறுவைக்குக் கொடுத்த உறுதியையும் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் வெள்ளத்தை அடக்குவதற்கென்றே கட்டிய அணை வெள்ளத்தை அடக்கியது. காவிரிக்குப் பாசனத் தண்ணீர், கொள்ளிடத்துக்கு மிச்சம் மீதி என்று கணக்கு மாறியது. மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் மட்டும் கொள்ளிடத்தில் ஆறு ஓடும். மற்ற ஆண்டுகளில் மணல்தான். கீழணை மூழ்கும் நாட்கள் அரிதாகின. அணைகளால் மீன்வளத்துக்கு ஏற்படும் விளைவுகளைப் பற்றி 1941-ல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் சுந்தரராஜ் எழுதிய கட்டுரையில் மேட்டூரும் கொள்ளிடத்து உல்லமும் இடம்பெற்றன. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கொள்ளிடத்து உல்லம் வேட்டை சொல்லிக்கொள்ளும்படி இல்லாமல் போனது.

கீழணையை இடித்துவிடலாமா? முடியாது, கூடாது. லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பாசனம் அதை நம்பியிருக்கிறது. அங்கிருந்து பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004-ல் முடிந்த புதிய வீராணம் திட்டத்தின் குழாய் வழியாக அந்தத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போரூர் வந்து, சென்னைக்காரர்களின் குடத்தில் விழுகிறது. அணைக்கரையில் நிற்கும் மதகுகளுக்கும் சென்னைப் புறநகருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

அணையை இடித்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் எட்வர்ட்ஸ் அணை 1837-ல் கட்டப்பட்டது. அதற்கும் நம் கீழணைக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அங்கும் சால்மனோடு சேர்ந்து உல்லத்தின் அமெரிக்க உறவுகளான ஷாட், ஏல்வைஃப் மீன்கள் ஏற முடியாமல் தவித்தன. அந்த அணையால் கிடைத்த மின்சாரம் அற்பம் என்பதால் 1999 ஜூலை 1 அன்று அதை உடைத்துவிட்டார்கள். மீன்கள் லட்சக்கணக்கில் திரும்பின. 2024-ல் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றி முடித்த சில வாரங்களிலேயே, பழைய அணை இருந்த இடத்தைத் தாண்டி சினூக் சால்மன் ஏறியது. இந்தச் செய்திகள் உலகமெங்கும் பரவின. நமக்கு இவற்றைவிடப் பாடம் தருவது இன்னொரு ஊர், அவ்வளவாகப் பேசப்படாத ஹோலியோக்.

மாசசூசெட்ஸில் கனெக்டிகட் ஆற்றின் குறுக்கே நிற்கும் ஹோலியோக் அணையை இடிக்கவில்லை. ஷாட் மீன் சால்மன் ஏணியில் ஏறாது என்று தெரிந்த பிறகு, 1955-ல் மீனுக்கென்று ஒரு லிஃப்ட் வைத்தார்கள். அணையடியில் ஓர் ஓரமாகத் தண்ணீரை வேகமாக விடுவார்கள். ஓட்டத்தைத் தேடி மீன் கூட்டம் அங்கே வரும். வந்த கூட்டத்தைத் தண்ணீரோடு சேர்த்து ஒரு பெரிய தொட்டி அப்படியே மேலே தூக்கும்; அணைக்கு மேல் உள்ள கால்வாயில் விட்டுவிடும். கை படாது, செதில் உதிராது, எகிற வேண்டாம். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஷாட் மீன்கள் இப்படி அணை தாண்டுகின்றன. மீனின் சுபாவத்தைப் படித்தபின் கட்டிய கட்டுமானம் அது.

இந்தியாவில் அந்தப் படிப்பைக் கசப்பாகக் கற்றுக்கொடுத்தது ஃபராக்கா. கங்கையின் குறுக்கே 1975-ல் இயங்கத் தொடங்கிய அந்தத் தடுப்பணைக்கு முன், அலகாபாத் சந்தைக்கு உல்லம் வந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்! ஃபராக்கா வந்த சில ஆண்டுகளில் அந்த வரத்து நின்றது. அங்கே மீனுக்கென்று மதகு வைத்தும் பலன் கிட்டவில்லை. கப்பல் போகும் மதகை உல்லம் அதிகம் நகரும் பின்னிரவு 1 மணி முதல் 5 மணி வரை திறந்துவைக்கும் திட்டத்தை 2019-ல் மத்திய அரசு அறிவித்தது. பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பிடித்த உல்லத்தை உயிரோடு காத்து, அடையாளக் குறியிட்டு, அணைக்கு மேலே விட்டுவருகிறது. அன்று வில்சன் செய்ய முயன்றதன் தொடர்ச்சி என்றே இதைக் கொள்ளலாம்.

வங்கதேசம் வேறு வழியில் போனது. முட்டையிடும் பருவத்தில் அக்டோபர் வாக்கில் 22 நாள் முழுத் தடை. குஞ்சு மீனைப் பிடிக்கத் தனித் தடை. தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரிசி. 2002–03-ல் சுமார் இரண்டு லட்சம் டன்னாக இருந்த இலிஷ் பிடிப்பு 2017–18-ல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மீனவனின் அடுப்பெரிய வழிசெய்யாமல் மீனைக் காக்கச் சொல்வது நடக்காத காரியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொள்ளிடத்தில் நாம் என்ன செய்கிறோம்? 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அதற்கு மாற்றாகப் புதுக் கதவணை எழும்பியது. கீழணைக்கும் கீழே ஆதனூர்–குமாரமங்கலத்தில் இன்னொரு கதவணை. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க இந்தக் கீழ்க்கதவணை தேவை என்கிறது அரசு. அதில் நியாயம் உண்டு. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை தாழ்ந்துபோனதால் அணைகளுக்குக் கீழே விழும் ஆழமும் கூடியிருக்கிறது. முன்பு பெருவெள்ளத்தில் மூழ்கிய தடுப்பு இன்று அதே வெள்ளத்தில் மூழ்குவது கடினம். உபரிநீர் திறக்கும் ஆண்டுகளிலாவது, சில இரவுகள் எல்லாக் கதவுகளையும் முழுக்க உயர்த்தி, மேலும் கீழும் மட்டத்தைச் சமன்செய்து விடுவதற்குப் பெரிய செலவில்லை. எப்படியும் கடலுக்குப் போகிற தண்ணீர்தான். மீனுக்கு வழி என்பது கான்கிரீட்டில் மட்டும் இல்லை, உரிய நாளில் விடும் தண்ணீரில் இருக்கிறது என்பதே அணைக்கரையின் நூறாண்டு அனுபவம்.

கொள்ளிடம் கற்றுத்தந்த இதே கணக்கைச் சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியிலும் போட்டுப் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கி, 2006-ல் நோக்கியா வந்து, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்து, இன்று நாடு முழுவதற்கும் தெரிந்த தொழில் வட்டாரம் அது. அதற்கு முன் செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஏரி நிரம்பினால் கலங்கலில் வழிந்து, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு. ஒரத்தூர், மணிமங்கலம், சோமங்கலம், ஆதனூர் (இது கூடுவாஞ்சேரிப் பக்கத்து ஆதனூர்) ஏரிகளின் உபரி அடையாற்றுக்கு. செம்பரம்பாக்கத்தின் உபரியும் திருநீர்மலை அருகே அடையாற்றிலேயே சேர்கிறது. ஆக, கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் இந்த வட்டாரத்தில் பெய்யும் மழையில் பெரும்பங்கு, நாற்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடும் ஒரே ஆற்றின் வழியாகப் பட்டினப்பாக்கம் அருகே கடலில் விழுகிறது.

உல்லத்துக்கு அடையாறு சிறிய ஆறு. ஆனால் கடலுக்கும் ஏரிக்கும் இடையே நடமாடும் மீன்கள் வேறு உண்டு. மடவை கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் கழிமுகம் தேடி வரும். கொடுவாவும் அப்படித்தான், கழிமுகத்தைத் தாண்டி நல்ல தண்ணீர்வரை ஏறும். விலாங்கின் பயணம் உல்லத்துக்கு நேர் எதிர். ஏரியிலும் ஆற்றிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, ஆழ்கடலுக்குப் போய் முட்டையிடும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அதன் குஞ்சுகள் மழைக்காலத்தில் ஆற்றில் ஏறும். ஈரமான சொரசொரப்புச் சுவர் கிடைத்தால் போதும், விலாங்குக் குஞ்சு அதில் ஊர்ந்தே மேலே போய்விடும். இவை தவிர, முதல் மழையில் கலங்கல் வழிந்ததும் கெளுத்தியும் குரவையும் எதிரேறுவதைச் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் அறிவார்கள். பனையேறி கெண்டை ஈரத்தரையிலேயே ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். 1791-ல் தரங்கம்பாடி அருகே பனைமரத்தின் பட்டைப் பிளவில் அந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி சொல்லப்போக, ஐரோப்பிய அறிவியல் சங்கங்கள் நூறாண்டு அதைப் பற்றி விவாதித்தன.

இந்த மீன்களுக்கு மூன்று இடத்தில் கதவு சாத்தியிருக்கிறது. முதல் கதவு முகத்துவாரத்து மணல்திட்டு. மழை குறைந்த மாதங்களில் அது ஆற்றின் வாயையே அடைத்துவிடும். இரண்டாவது, நகரத்துக்குள் ஓடும் சாக்கடை. மீன் வாழ ஒரு லிட்டர் தண்ணீரில் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதியில் மழையில்லாத நாட்களில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. வெள்ளக் காலத்தில்தான் ஆறு கழுவி விடப்பட்டு, மீனுக்குச் சில வாரம் வாசல் திறக்கிறது. மூன்றாவது கதவு ஏரிக் கலங்கல்களும் புதுத் தடுப்பணைகளும். செங்குத்தாக இறங்கும் வழவழப்பான கான்கிரீட் சுவரில் கெளுத்தியும் ஏறாது, விலாங்கும் ஊராது.

2015 டிசம்பர் வெள்ளம் அடையாற்றைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்ட அந்த இரவுக்குப் பிறகு, ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், மூடுகால்வாய்கள் கட்டினார்கள். ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து ஒரு நீர்த்தேக்கம் உருவாக்கும் வேலையும் அதன் தொடர்ச்சிதான். மக்களைக் காக்கும் வேலை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இந்த மதிப்பீடுகளில் எல்லாம் கன அடி இருக்கிறது, டி.எம்.சி. இருக்கிறது, மீன் இல்லை. தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியில் ஏரிகளைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, நடைபாதை போடுவதும் நல்ல காரியமே. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் வரத்துக்கால்வாய் அடைபட்டிருந்தால், அந்த ஏரி வெறும் தொட்டியாகிவிடும். அதில் கட்லாவும் ரோகுவும் வாங்கி விடலாம், ஜிலேபி கெண்டை தானாகவே பெருகும். விலாங்கு வராது.

வழி இல்லாமல் இல்லை. அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடையில், கட்டட இடிபாடும் குப்பையும் மூடிக்கிடந்த 58 ஏக்கரைத் தோண்டி, கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரும்படி செய்து, அலையாத்தி நட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். மீனும் நண்டும் பறவையும் அங்கே குடியேறியிருக்கின்றன. கடற்பக்கத்து முதல் படி அது. மேல்கோடியில் அதற்கு இணையான வேலை இன்னும் தொடங்கவில்லை. கலங்கலின் செங்குத்துச் சுவருக்குக் கீழே, ஒரு பக்கமாகவேனும், இருபது அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்ற சரிவில் பெரிய கருங்கற்களைப் பரப்பி விட்டால் போதும். கற்களின் இடுக்கில் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கும். மீன் ஒதுங்கி ஒதுங்கி ஏறும். எகிறத் தெரியாத மீனும் ஏறும். ஐரோப்பாவில் சிற்றணைகளுக்கு இதையே பெருமளவில் செய்கிறார்கள். சரளைக்கல்லுக்கும் பாறைக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. ஏரியின் கொள்ளளவு ஒரு சொட்டும் குறையாது, ஏனென்றால் கலங்கலின் உயரத்தைத் தொடுவதே இல்லை.

ஒரத்தூரிலும் மணிமங்கலத்திலும் சோமங்கலத்திலும் பிள்ளைப்பாக்கத்திலும் வசிப்பவர்களுக்கும், அங்கே வேலைக்குப் போய்வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் ஏரியின் கலங்கலையோ தடுப்பணையையோ புதுப்பிக்கும் திட்டம் இருந்தால், அதில் கல்சரிவு ஒன்றைச் சேர்க்கும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள். அதன் நகலை நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளருக்கும் மீன்வளத் துறைக்கும் அனுப்புங்கள். கட்டி முடித்தபின் உடைத்துச் சேர்ப்பதைவிட, மதிப்பீடு போடும்போதே சேர்ப்பது மிகக் குறைந்த செலவு.